விண்ணிலே பாடசாலை கண்டவர்

நான் சிறுவனாயிருந்தபோது கற்ற பாடசாலை வன்னியிலே ஒரு குளக்கட்டின் அருகில் இருந்தது. அங்கே விஞ்ஞானம் படிப்பிக்க ஆசிரியர் இல்லை. அக்குறையைத் தீர்க்கத் தலைமையாசிரியர் தமது வானொலிப் பெட்டியை மேசைமீது வைத்து, கொழும்பிலிருந்து ஒலிபரப்பாகும் பாடங்களைக் கேட்கச் செய்வார். ஒருநாள், சந்திரன் ஏன் தேய்ந்து வளர்கின்றது என்று விளக்கிக்கொண்டிருந்த குரல் நடுவழியிலே நின்றுவிட்டது. மின்கலம் தீர்ந்துபோயிற்று. எஞ்சிய பாதியை அறிய எனக்குப் பல மாதங்கள் சென்றன. பிற்காலத்தில் நானே ஆசிரியனான பின்பும், அந்தப் பாதிப் பாடம் என் நெஞ்சில் முள்ளாய்க் கிடந்தது. கலாநிதி விக்கிரம் சாராபாயின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த ஊமையான பெட்டிதான்.

சாராபாய் 1919ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12ஆம் நாள் குஜராத்தின் அகமதாபாத் நகரிலே பிறந்தார். தந்தையார் அம்பாலால் பெரும் ஆலை முதலாளி. ஆயினும் செல்வம் அவ்வீட்டாரின் கண்களை மறைத்துவிடவில்லை. 1918இல் அந்நகரின் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிமார் பக்கம் அம்பாலால் நின்றார். தொழிலாளர் பக்கம் நின்று வழிநடத்தியவரோ அவருடைய உடன்பிறந்த அனசூயா அம்மையார். காந்தியடிகளும் தாகூரும் வந்துபோகும் இல்லம் அது. அம்பாலாலும் துணைவியார் சரளாதேவியும் தங்கள் எட்டுப் பிள்ளைகளுக்காக வீட்டு வளவிலேயே ஒரு பாடசாலையை நடத்தினார்கள். மனனம் செய்யாது, கையால் செய்து பார்த்துக் கற்கும் முறை அங்கே நிலவியது. ஊரார் பிள்ளைகள் எவர்க்கும் கிட்டாத கல்வி அது. அப்பேறு தமக்கு மட்டும் கிட்டியதென்பதை அவர் மறந்திலர் என்றே அவருடைய பிற்காலச் செயல்களைக் கொண்டு நான் எண்ணுகின்றேன்.

கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற அவர், உலகப் போர் மூண்டதனால் தாயகம் திரும்பினார். பெங்களூரிலே சேர் சி. வி. இராமனின் கீழ் அண்டவெளிக் கதிர்களை ஆராய்ந்தார். பரத நாட்டியக் கலைஞர் மிருணாளினி சுவாமிநாதனை 1942இல் மணந்தார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நவம்பர் மாதத்தில், தமது இருபத்தெட்டாம் வயதிலே, அகமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தை நிறுவினார். நெசவாலைகளுக்கான ஆராய்ச்சிக் கழகம், முகாமைத்துவக் கல்வி நிலையம் எனப் பின்னர் அவர் கைபட்டு எழுந்த நிறுவனங்கள் பல. அவற்றை எல்லாம் விரித்துரைக்க இவ்விடம் போதாது.

விண்வெளி ஆராய்ச்சிக்கு அவர் தேர்ந்த இடம் திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் மீனவர் கிராமம். பூமியின் காந்த மத்தியரேகை அதன் அருகே செல்கின்றது என்பதே காரணம். அங்கிருந்த புனித மரிய மதலேனாள் தேவாலயத்தை ஆயரும் மக்களும் விட்டுக்கொடுத்தனர். வழிபாட்டுத் தலம் தொழிற்கூடமாயிற்று. ரொக்கெட்டின் பாகங்கள் துவிச்சக்கர வண்டியில் சென்றன. இராமேஸ்வரத்து இளைஞர் அப்துல் கலாம் அங்கே பணிபுரிந்தவர்களுள் ஒருவர். 1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை, அமெரிக்காவிலிருந்து பெற்ற சிறு ரொக்கெட் ஒன்று அக்கடற்கரையிலிருந்து எழுந்து, வானிலே சோடிய ஆவியைப் பரப்பியது.

உண்ண உணவில்லாத நாட்டுக்கு வானவேடிக்கை எதற்கு என்று கேட்டவர் பலர். அக்கேள்வி நியாயமானது, சாராபாயும் அதனை அவ்வாறே மதித்தார். வல்லரசுகளோடு போட்டியிட்டுச் சந்திரனுக்குச் செல்வது தம் நோக்கமன்று என்பதைத் தெளிவாக்கினார். முன்னேறிய தொழில்நுட்பத்தைச் சாதாரண மனிதனின் குறைதீர்க்கப் பயன்படுத்தாவிடின், பின்தங்கிய நாடு என்றும் பின்தங்கியே கிடக்கும் என்பது அவர் கொள்கை.

அக்கொள்கை உருக்கொண்டது தொலைக்காட்சியிலே. 1959இல் டெல்லியில் தொடங்கிய தொலைக்காட்சி, அறுபதுகள் முழுவதும் அந்நகரைத் தாண்டவில்லை. நகரங்களில் கோபுரங்களை அமைத்து ஒவ்வொன்றாய் வெளியே பரவுவதுதான் உலக வழக்கம். அவ்வழியே சென்றால் கடைக்கோடிக் கிராமத்தின் முறை வரப் பல பத்தாண்டுகள் கழியும். சாராபாய் அவ்வரிசையைத் தலைகீழாகப் புரட்டினார். பூமி சுழலும் வேகத்திலேயே 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிக்கு நகரமும் ஒன்றே, குக்கிராமமும் ஒன்றே. ஆகவே ஆசிரியரும் மருத்துவரும் செல்லாத ஊருக்கே அது முதலில் செல்லவேண்டும் என்று அவர் வாதாடினார்.

முதலில் சிறிய அளவில் சோதித்தார். 1967 ஜனவரி 26 முதல் டெல்லியைச் சூழ்ந்த 80 கிராமங்களில் பொதுப் பெட்டிகள் வைக்கப்பட்டு, உழவர்க்கான நிகழ்ச்சிகள் காட்டப்பட்டன. பின்னர் 1969 செப்டெம்பரில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தோடு உடன்படிக்கை ஏற்பட்டது. செய்மதியை ஓராண்டுக்கு அமெரிக்கா இரவல் தரும். நிலையங்கள், பெட்டிகள், பாடங்கள் யாவும் இந்தியாவின் பொறுப்பு. இரவல் பொருள்தான், ஆனால் அதனைக் கொண்டு சொந்தக் கையைப் பழக்கிக்கொள்ளலாம் என்பதே அவர் கணக்கு.

1966இல் ஹோமி பாபா விமான விபத்தில் மறைந்தபின் அணுசக்தி ஆணைக்குழுவின் தலைமையும் சாராபாயின் தோளில் ஏறியது. ஓய்வென்பதை அறியாது உழைத்தார். 1971 டிசம்பர் 30ஆம் நாள், தும்பாவுக்குத் தெற்கே கோவளத்தில் தங்கியிருந்த அறையில், உறங்கியவர் விழிக்கவில்லை. வயது ஐம்பத்திரண்டு. தாம் கனவு கண்ட வகுப்பறையின் கதவு திறப்பதை அவர் காணவேயில்லை.

கதவு திறந்தது 1975 ஓகஸ்ட் முதலாம் நாள். யஷ்பால் முதலான அறிஞர்கள் அகமதாபாத்திலிருந்து பணியை முன்னெடுத்தார்கள். கிழக்காபிரிக்காவுக்கு மேலே நிலைநிறுத்தப்பட்ட செய்மதி, விண்ணிலே குடைபோல் விரிந்த ஒன்பது மீற்றர் அலைவாங்கியினால் பாடங்களைப் பொழிந்தது. அதன் வலுவினாலே கிராமத்தில் பெரிய கோபுரம் தேவைப்படவில்லை. கோழிக்கூட்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் செய்த மூன்று மீற்றர் தட்டே போதுமாயிற்று. இராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் அதனைப் பெற்றன. மின்சாரம் எட்டாத சில ஊர்களில் மின்கலத்தால் பெட்டிகள் இயங்கின. காலையில் ஒன்றரை மணி நேரம் சிறுவர்க்கு. மாலையில் இரண்டரை மணி நேரம் உழவு, சுகாதாரம், குடும்பநலம் பற்றிப் பெரியோர்க்கு. ஹிந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடம் என்று அவரவர் மொழியிலே பாடம் கேட்டது. விடுமுறையில் ஏறத்தாழ ஐம்பதினாயிரம் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்களும் அதன்வழி பயிற்சி பெற்றார்கள்.

நம் நாட்டுக்கும் அவ்வொளியில் ஒரு துளி கிட்டியது. இத்தகைய செய்மதிகளின் இயல்பை 1945இலேயே எழுதி விளக்கியவரும் இலங்கையைத் தம் இல்லமாக்கிக் கொண்டவருமான ஆதர் சி. கிளார்க்கின் கொழும்பு வீட்டிலே, இந்திய விண்வெளி நிறுவனத்தார் 1975இல் ஓர் அலைவாங்கியை அமைத்துக் கொடுத்தனர். இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் தோன்றியதோ 1979இலேதான்.

இவ்வளவும் கூறிவிட்டுக் குறையைக் கூறாது விடுதல் நேர்மையாகாது. 1976 ஜூலை 31உடன் இரவல் முடிந்தது; செய்மதி அமெரிக்கர்க்காகத் திரும்பிச் சென்றது. ஊர் கூடிப் பார்த்த பெட்டிகள் பல இருண்டன. பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டதும் கலப்பான பலனே. எழுத்தறியாத பெண்கள் சுகாதார அறிவில் நன்கு முன்னேறினர். ஆனால் பாடசாலையை விட்டு விலகும் பிள்ளைகளின் தொகை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பசித்த பிள்ளையை மாடு மேய்க்க அனுப்பும் வறுமையைப் படப்பெட்டி தனியே வெல்ல இயலாதல்லவா? எண்பதுகளில் இந்தியா சொந்தச் செய்மதிகளைப் பெற்றபின், தொலைக்காட்சி நாடெங்கும் பரவியது. கூடவே கேளிக்கையும் விளம்பரமும் பரவி, பாடத்தை ஒரு மூலைக்குத் தள்ளின. கல்விக்கென்றே ஒரு செய்மதி 2004இல்தான் ஏவப்பட்டது.

அவ்வாறாயின் சாராபாய் தோற்றாரா? தோற்றார் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. 2020இல் கொள்ளைநோயால் நமது பாடசாலைகள் மூடப்பட்டபோது, ஓய்வுபெற்றிருந்த நான் ஒரு காட்சியைக் கண்டேன். வசதியுள்ள பிள்ளைகள் வீட்டிலிருந்தே திரையில் பாடம் கேட்டார்கள். எங்கள் அயலிலே ஒரு சிறுமி, அலை எட்டாத தன் வீட்டைவிட்டுக் குளக்கட்டின் மேல் ஏறி, தமையனின் கைத்தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். கருவிகள் ஆயிரம் வந்துவிட்டன. ஆயினும் வரிசை மாறவில்லை. கடைசி வீட்டுப் பிள்ளை இன்னும் கடைசியிலேதான் நிற்கின்றது.

சந்திரனிலே ஒரு குழிக்கு அவர் பெயர் உண்டு. 2023இல் அங்கே இறங்கிய இந்தியக் கலத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. பெருமைதான். ஆனால் சந்திரனைப் பற்றிய பாதிப் பாடத்தோடு வீடு திரும்பிய எனக்கு, அவர் விட்டுச்சென்ற பெரிய செல்வம் வேறொன்றாகத் தோன்றுகின்றது. எந்தப் புதிய கருவி வந்தாலும், அதனை முதலில் எவர் வாசலில் வைப்பது என்ற கேள்வியே அது. குளக்கட்டில் நின்ற அச்சிறுமிக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.