பதின்மூன்று நாள் வீரர் இந்திரலால் றோய்

மனிதரின் வாழ்வை ஆண்டுகளாற் கணக்கிடுவது உலக வழக்கு. நெடுங்காலம் வாழ்ந்தும் பெயர் சொல்ல ஒன்றும் விட்டுச் செல்லாதார் பலர். இருபது வயது நிறையுமுன் மறைந்தும் மக்கள் மனத்தில் நிலைபெற்றார் சிலர். சக்கரவியூகத்துட் புகுந்து மாண்ட அபிமன்யுவின் கதையைக் கேளாது வளர்ந்த இந்துப் பிள்ளைகள் நம்மிடையே அரியர். அவ்வபிமன்யுவை நினைவூட்டும் இளைஞர் ஒருவர் முதலாம் உலக மகாயுத்தத்திற் போர் புரிந்தார். அவரே வங்காளத்து இந்திரலால் றோய். அவருடைய சரிதத்தை எமது சங்கத்து வாலிபர் அறியும்பொருட்டுச் சுருக்கமாகக் கூற விழைகின்றோம்.

இந்திரலால் 1898ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆந் திகதி கல்கத்தாவிற் பிறந்தார். தந்தையார் பியாரிலால் றோய் கல்கத்தாவிற் புகழ்பெற்ற பாரிஸ்டர். தாயார் லலிதா றோய் பிள்ளைகளின் கல்வியின் பொருட்டு இலண்டனில் வசித்தவர். பெண்களுக்கு வாக்குரிமை கோரி 1911இல் அந்நகரில் நடந்த பெரும் ஊர்வலத்தில் இந்தியப் பெண்களுடன் சென்றவர். அத்தகைய தாயின் மைந்தர் அஞ்சாமையைப் பாலோடு பருகியவராதலில் வியப்பில்லை. இலண்டன் சென் போல்ஸ் பாடசாலையில் அவர் கற்றார். ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையிற் கற்க உபகாரச் சம்பளமும் கிடைத்தது. உயர்ந்த உத்தியோகமும் வசதியான வாழ்வும் அவருக்காகக் காத்திருந்தன.

ஆயின் அவர் நாட்டம் வானில் இருந்தது. 1917இல், பதினெட்டு வயதில், பிரித்தானிய விமானப் படையிற் சேர விண்ணப்பித்தார். பார்வை போதாதென்று வைத்தியர் அவரைத் தள்ளிவிட்டனர். மற்றொருவராயின் விதியை நொந்துகொண்டு வீடு திரும்பியிருப்பார். இந்திரலாலோ தமது மோட்டார் சைக்கிளை விற்று, அப்பணத்தைக் கொண்டு பெயர்பெற்ற கண் வைத்தியர் ஒருவரிடம் மீண்டும் பரீட்சை செய்வித்தார். முன்னைய தீர்ப்பு மாறியது. இந்தியருக்கு அதிகாரிப் பதவி அரிதாயிருந்த அக்காலத்தில், 1917 யூலை 5ஆந் திகதி அவர் இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். அவ்வாண்டு ஒக்டோபர் இறுதியிற் பிரான்சிலிருந்த 56ஆம் விமான அணியை அடைந்தார்.

அங்கு அவரை வரவேற்றது வெற்றியன்று. டிசெம்பர் 6ஆந் திகதி அவருடைய விமானம் தரையில் மோதி நொறுங்கிற்று. உணர்வற்றுக் கிடந்தவரை இறந்தவரென்று கருதிப் பிரேதசாலையில் இட்டனர் என்றும், உணர்வு வந்ததும் கதவைத் தட்டி அங்கிருந்தோரைத் திடுக்கிடச் செய்தார் என்றும் கூறுவர். உடல்நிலை பறப்பதற்குத் தகுதியற்றதென மறுபடியும் வைத்தியர் விலக்கினர். நோய்ப்படுக்கையிலும் அவர் வாளாவிருக்கவில்லை. விமானங்களைச் சித்திரமாக வரைந்துகொண்டிருந்தார். அச்சித்திரங்களிற் பல அழியாமல் உள்ளன. இடைவிடாது முயன்று மீண்டும் பறக்கும் உரிமையைப் பெற்றார்.

1918 யூன் மாதம் 40ஆம் அணியில், அயர்லாந்து வீரர் ஜோர்ஜ் மக்கெல்றோயின் கீழ் அமர்ந்தார். அவர் ஓட்டிய எஸ். ஈ. 5 ஏ விமானம் ஒருவர் மாத்திரம் அமரக்கூடியது. இரண்டு இயந்திரத் துப்பாக்கிகள் பூட்டியது. விமானியே ஓட்டவும் வேண்டும், குறிபார்த்துச் சுடவும் வேண்டும், பின்னால் வரும் பகைவனைக் கவனிக்கவும் வேண்டும். விமானம் தீப்பற்றினால் குதித்துத் தப்பப் பரசூட்டும் அந்நாளிற் பிரித்தானிய விமானிகளுக்கு வழங்கப்படவில்லை. யூலை 6ஆந் திகதி அவர் முதல் வெற்றி கண்டார். 8ஆந் திகதி நான்கு மணி நேரத்துள் மூன்று ஜேர்மானிய விமானங்களை வென்றார். 13ஆந் திகதி இரண்டு, 15ஆந் திகதி இரண்டு, 18ஆந் திகதி ஒன்று, 19ஆந் திகதி ஒன்று. பதின்மூன்று நாட்களிற் பத்து வெற்றிகள்! அவற்றுள் இரண்டு தோழருடன் பகிர்ந்தவை. ஐந்து விமானங்களை வென்றவரை ‘ஏஸ்’ என்று சிறப்பித்தல் மரபு. அம்மகாயுத்தத்தில் அச்சிறப்பைப் பெற்ற இந்தியர் இவர் ஒருவரே.

யூலை 22ஆந் திகதி கார்வின் என்னும் ஊருக்கு மேலே ஜேர்மானிய பொக்கர் விமானங்களுடன் நிகழ்ந்த போரில் இந்திரலாலின் விமானம் எரிந்து வீழ்ந்தது. அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. ஒன்பது நாட்களின் பின் மக்கெல்றோயும் மாண்டார். பிரான்சில் எஸ்தெவெல் என்னும் சிற்றூரின் மயானத்தில் இந்திரலால் துயில்கின்றார். செப்டெம்பர் 21ஆந் திகதி டி. எவ். சி. என்னும் வான்வீர விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அதனைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. ஆயின் அணிந்து மகிழ அவர் இல்லை.

இங்கு ஒரு கேள்வி எழுகின்றது. தம் நாட்டை அடிமைகொண்ட ஏகாதிபத்தியத்துக்காக உயிரைக் கொடுத்தவரை வீரரென்று போற்றலாமா? அவர் இறந்து ஓராண்டு நிறையுமுன், 1919 ஏப்ரில் 13ஆந் திகதி, அதே அரசின் படை ஜாலியன்வாலாபாக்கில் நிராயுதபாணிகளைச் சுட்டுக் கொன்றது. இதனை மறைத்து அவர் புகழைப் பாடுவது நேர்மையன்று. வானிலிருந்து வரும் அழிவை அறிந்த மக்களாகிய நாம் யுத்தத்தைப் புகழவும் முன்வரோம். எனினும் அக்காலத்தில் இந்தியர் விமானம் ஓட்டத் தகுதியற்றவர் என்ற எண்ணம் ஆள்வோரிடம் வேரூன்றியிருந்தது. இந்திரலாலும், அவரைப் போன்றே பறந்த ஹர்தித் சிங் மாலிக், வெலிங்கர், சென் ஆகியோரும் அவ்வெண்ணத்தைச் செயலாற் பொய்யாக்கினர். யாருடைய கொடியின் கீழ்ப் பறந்தாரென்பது சரித்திரத்தின் விபத்து. எப்படிப் பறந்தாரென்பது அவருடைய சொந்த உடைமை.

அவ்விதை வீண்போகவில்லை. இந்திரலாலின் மருமகன் முறையினரான சுப்ரதோ முகர்ஜி, மாமனார் மறைந்தபோது ஏழு வயதுச் சிறுவர். 1932இல் இந்திய விமானப் படை தொடங்கியபோது அதன் முதல் விமானிகளுள் ஒருவரானார். 1954இல் சுதந்திர இந்தியாவின் விமானப் படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியரும் அவரே. மாமனார் அந்நியர் கொடியின் கீழ்த் தொட்ட வானத்தை மருமகன் சொந்தக் கொடியின் கீழ்க் காத்தார். 1998இல், இந்திரலாலின் நூற்றாண்டு நிறைவில், இந்திய அரசு அவருக்குத் தபால் முத்திரை வெளியிட்டது.

வாலிபர்களே, பரீட்சையில் ஒருமுறை தவறினால் மனமுடைவோர் நம்முட் பலர். இருமுறை தகுதியற்றவரென விலக்கப்பட்டும் இந்திரலால் மீண்டும் வாயிலைத் தட்டினார். பகையைக் கொல்லும் ஆற்றலையன்று, அவ்விடாமுயற்சியையே நாம் அவரிடம் கற்றுக்கொள்வோமாக.