கிரீடம் சூட்டிய பெடர்சன்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்கிறீர்கள். குடுவையில் வேண்டாத பொருள் கொஞ்சம் சேர்ந்துவிடுகிறது. என்ன செய்வீர்கள்? கழுவிக் கொட்டிவிடுவீர்கள்தானே? அப்படிக் கொட்டாமல், 'இது என்ன?' என்று கேட்ட ஒருவருக்கு நோபல் பரிசே கிடைத்தது. அவர்தான் சார்லஸ் பெடர்சன்.

1904-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி கொரியாவின் பூசான் நகரில் பிறந்தார். அப்பா நார்வே நாட்டுப் பொறியாளர், அம்மா ஜப்பானியர். எட்டு வயதில் ஜப்பானுக்குப் படிக்க அனுப்பப்பட்டார். பிறகு அமெரிக்கா சென்று வேதியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும்படி ஆசிரியர்கள் வற்புறுத்தினர். அப்பாவின் பணத்தில் இனியும் படிக்க அவருக்கு மனமில்லை. 1927-ல் டூபாண்ட் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

1962-ல், வனேடியம் என்ற உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு சேர்மத்தைத் தயாரிக்க முயன்றார். மூலப்பொருளில் சிறிது கலப்பு இருந்தது. அதனால் பட்டு போன்ற வெள்ளைப் படிகங்கள் துளியூண்டு உருவாயின. அளவு ஒரு சதவீதம்கூட இல்லை!

அந்தப் படிகம் மெத்தனாலில் சரியாகக் கரையவில்லை. சோடியம் உப்பைச் சேர்த்ததும் கரைந்தது. ஏன்? அதன் மூலக்கூறு வளையம்போல் இருந்தது. மோதிரத்தில் கல் பதிவதுபோல, வளையத்தின் நடுவே சோடியம் அயனி உட்கார்ந்துகொண்டது! உலோகத்தின் தலையில் கிரீடம் வைத்ததுபோல் தெரிந்ததால், 'கிரவுன் ஈதர்' என்று பெயரிட்டார். கிரவுன் என்றால் கிரீடம்.

வளையத்தின் அளவை மாற்றினால், பிடிபடும் உலோகமும் மாறும். சிறிய வளையம் லித்தியத்துக்கு, பெரியது பொட்டாசியத்துக்கு. பொட்டாசியம் பெர்மாங்கனேட் பென்சீனில் கரையாது. கிரவுன் ஈதரைச் சேர்த்தால் கரைந்து, பென்சீன் ஊதா நிறமாகிவிடும்!

1967-ல் இந்தக் கண்டுபிடிப்பை வெளியிட்டார். உலோகத்தைப் பிடிக்கும் வளையங்களை வடிவமைப்பது தனித் துறையாகவே வளர்ந்தது. இன்று இத்தகைய வளையங்கள் வேதிவினைகளை விரைவுபடுத்துகின்றன; கரைசலில் உள்ள உலோகத்தைக் கண்டறிகின்றன. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் படம் தெளிவாகத் தெரிய கடோலினியம் உலோகத்தை ஊசி மூலம் செலுத்துவார்கள். தனியாக இருந்தால் அது நச்சு. அதை வளையம் இறுகப் பிடித்து, சிறுநீருடன் வெளியேற்றிவிடுகிறது.

1987-ல் டொனால்டு கிராம், ழான்-மரி லேன் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, பெடர்சனுக்கு வயது 83. அப்போதும் அவரிடம் டாக்டர் பட்டம் கிடையாது! 1989-ம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி மறைந்தார்.

என்ன குட்டீஸ், அடுத்த முறை சோதனை தப்பிப்போனால் உடனே கொட்டிவிடாதீர்கள். ஆசிரியரிடம் காட்டி, 'இது ஏன் இப்படி ஆச்சு?' என்று கேளுங்கள்!