மலைக்குக் கனிமரம் தந்த லெவிஞ் துரை

ஜூபிலி ஆண்டில் கோயில் கட்டியவர்களையும் பங்குக் குருக்களையும் நன்றியோடு நினைக்கிறோம். நம் முன்னோர் உழுது பிழைத்த மண்ணையும், அந்த மண்ணுக்கு நன்மை செய்தவர்களையும் நினைப்பதும் நம் கடமையே. அவ்வகையில் கொடைக்கானல் மறக்கலாகாத ஒருவர் சர் வியர் ஹென்றி லெவிஞ் துரை.

அயர்லாந்து நாட்டுக் குடும்பத்தில் தோன்றிய இவர், 1860-களில் மதுரை ஜில்லாக் கலெக்டராக இருந்தார். அக்காலத்தில் பழனிமலை மதுரை ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1821-ல் வார்டு என்னும் அதிகாரி இம்மலையை அளந்து சென்றார். 1845-ல் அமெரிக்க மிஷனரிமார் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். லெவிஞ் வந்தபோது கொடைக்கானலில் சில வீடுகளே இருந்தன.

ஆனால் மலை வெறுமையாக இருக்கவில்லை. பளியர் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தனர். வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர் போன்ற ஊர்களில் குன்னுவர் சரிவுகளைப் படிப்படியாக வெட்டி, ஓடை நீரைத் திருப்பி நெல்லும் பூண்டும் விளைவித்தனர். கொங்கு நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிச் செய்தி. துரைமார் வருவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கே வேளாண்மை இருந்தது.

1863-ல் லெவிஞ், ஓடைகள் கூடும் சதுப்பு நிலத்தில் கரை கட்டி, ஏறத்தாழ 60 ஏக்கர் ஏரியை உண்டாக்கினார். தூத்துக்குடியிலிருந்து படகு கொண்டுவந்து அதில் விட்டார். 1867-ல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பின் மலையிலேயே குடியேறினார். தம் கைப்பணத்தையும் செலவிட்டுப் பாதைகள் அமைத்தார். ஐரோப்பியக் கனிமரங்களையும் பூச்செடிகளையும் தருவித்து நட்டுப் பார்த்தார். சலேத் அன்னை ஆலயம் எழுந்ததும் அதே 1860-களில்தான்.

துரை தோட்டத்து மரம் ஏழை வீட்டுக் கொல்லைக்கு வந்தது யாரால்? உழைப்பாளிகளால்தான். பாத்தி வெட்டியதும், கன்று நட்டதும், கவாத்து செய்ததும் அவர்கள் கைகளே. காலப்போக்கில் பேரியும் பிளம்ஸும் மலை விவசாயியின் வருமானமாயின. 1916-ல் மோட்டார் சாலை பொதுமக்களுக்குத் திறக்கப்படும்வரை, கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தான பாதையில் சாமான்களைத் தலையிலும் தோளிலும் சுமந்தவர்களும் இத்தகைய எளியோரே. துரைமாரையும் துரைசாணிகளையும் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தவர்களும் அவர்களே.

வெளிநாட்டிலிருந்து வந்த மரமெல்லாம் நன்மையே செய்தது என்று சொல்வதற்கில்லை. 1867-ல் பார்ட்ரிஜ் என்ற மேஜர் தருவித்த தைல மரமும் வாட்டிலும் விறகுக்கு உதவின. ஆயினும் பிற்காலத்தில் பரந்த தோட்டங்களாகப் பெருகி, மழைநீரைத் தேக்கி ஓடைகளுக்கு விடும் புல்வெளிகளை அவை விழுங்கின. கனிமரம் நட்ட இடத்தில் நின்று பலன் தந்தது. வாட்டிலோ கேளாமலே பரவியது. எதை நடுகிறோம் என்பதைப் பேரப்பிள்ளைகளின் காலத்தையும் எண்ணி முடிவு செய்ய வேண்டும் என்பதே இதில் நாம் கற்கும் பாடம்.

லெவிஞ் துரை 1885-ல் காலமானார். அவர் நினைவாகக் கொடைக்கானலில் கற்சிலுவை எழுப்பப்பட்டது. கரைக்கு மண் சுமந்தவர்களுக்கும் கன்றுக்கு நீர் ஊற்றியவர்களுக்கும் கல் நாட்டப்படவில்லை. அவர்களுடைய பெயர்கள் குடும்பங்களின் நினைவில் மட்டுமே தங்கியுள்ளன. முதியவர் ஒருவர் மறையும்போது அவற்றில் சில அவரோடு மறைகின்றன.

ஆகவே பங்கு மக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். இந்த ஜூபிலி ஆண்டில் ஒவ்வொரு வீட்டிலும் தாத்தா பாட்டியை உட்கார வைத்துக் கேளுங்கள். எந்த ஊரிலிருந்து மலையேறினார்கள், யாருடைய காட்டில் வேலை செய்தார்கள், முதன்முதல் சொந்தமாக வாங்கிய நிலம் எது, அதில் என்ன விளைந்தது என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். துரையை நன்றியோடு நினைக்கும் நாம், அவரோடு உழைத்த நம்மவர்களையும் பெயர் சொல்லி நினைப்போமாக.