குப்பையிற் செல்வம் கண்டவர்

உழவிற்கு முதல் நிலம். நிலத்திற்கு முதல் எரு. அவ்வெருவினை, வீணென்று பிறர் கழித்த சருகிலும் மரத்தூளிலும் கண்டவர் ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் அறிஞர் ஆவார்.

இவர் 1873ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓர் உழவர் குடியிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அறிவியல் பயின்று, 1899இல் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்று பயிர்நோய்களை ஆராய்ந்தார். ஆயினும் அவர் உள்ளம் அமைதியுறவில்லை. தமக்கென ஒரு வயலும் இன்றி, செய்து பாராத முறைகளைப் பிறர்க்குக் கூறுதல் தகுமோ என்று வருந்தினார்.

1905இல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தபின், அக்குறை நீங்கியது. ஆங்கே 75 ஏக்கர் நிலம் பெற்றுத் தாமே பயிரிட்டார். அண்டையிலிருந்த உழவர்கள் நச்சுமருந்து ஏதுமின்றி நற்பயிர் விளைத்தலைக் கண்டு வியந்தார். எழுத்தறியாத அவ்வுழவரையே தம் ஆசிரியராகக் கொண்டார். பயிர்நூல் வல்லவரான மனைவியார் கேப்ரியல் அவருக்கு உற்ற துணையாயினார்.

1924இல் அவர் இந்தூர் நகரில் ஆராய்ச்சிப் பணியை மேற்கொண்டார். அந்நாளில் சாணத்தின் பெரும்பகுதி வரட்டியாகி அடுப்பில் எரிந்தது. நிலமோ எருவின்றி மெலிந்தது. எஞ்சிய சாணத்தைக் கொண்டு மிகுந்த எரு ஆக்குவது எங்ஙனம்? இதுவே அவர் முன் நின்ற வினா.

சருகும் தழையும் எளிதில் மட்கும். பருத்திமாரும் மரத்தூளும் எளிதில் மட்கா. அவற்றில் கரிச்சத்து மிகுதி. தழைச்சத்தோ மிகக் குறைவு. ஆதலின் நுண்ணுயிர்கள் அவற்றை விரைந்து சிதைக்க இயலாது. ஹோவர்டு, பருத்திமாரைச் சாலையிற் பரப்பி வண்டிச் சக்கரங்களால் நொறுங்கச் செய்தார். மரத்தூளை ஈரமண்ணோடு ஊறவைத்தார். பின்னர் அவற்றைத் தொழுவத்தில் மாடுகளின் கீழ்ப் பரப்பினார். சிறுநீர் ஊறியதும், மூன்று பங்கு தழைக்கு ஒரு பங்கு சாணமாகக் கலந்து, மரச்சாம்பலும் மண்ணும் தூவி, நீர் தெளித்துக் குழியில் இட்டார். காற்றுப் புகுமாறு மும்முறை கிளறினார். மூன்று திங்களில் அஃது கரிய, பொலபொலப்பான எருவாயிற்று. அதுவே இந்தூர் முறை எனப் பெயர் பெற்றது.

1930இல் கேப்ரியல் அம்மையார் மறைந்தார். அத்துயரிடையே, மறு ஆண்டு தம் முறையை விளக்கும் நூலை உடனுழைத்த வாத் என்பவரோடு சேர்ந்து வெளியிட்டார். தேயிலை, காப்பித் தோட்டத்தார் பலர் அம்முறையை மேற்கொண்டனர். 1934இல் அரசு அவருக்குச் ‘சர்’ பட்டம் அளித்தது. செயற்கை உரமே போதும் என்ற அறிஞர் பலர் அவரை மறுத்தனர்; அவர் சிறிதும் தளர்ந்திலர். மண்ணின் நலமே பயிரின் நலமும் மக்களின் நலமும் ஆகும் என்பதை, 1947இல் மறையும்வரை எடுத்துரைத்தார்.

மண்ணிலிருந்து பெற்றதை மண்ணிற்கே மீட்டளித்தல் உழவரின் கடன். முற்றத்துச் சருகைக் குவித்துத் தீயிடச் செல்லும் கை, இவ்வறிஞரை நினைந்து சற்றே தயங்கி, அதனை எருக்குழியில் இடுமாயின், அதுவே அவர்க்குச் செய்யும் நன்றியாகும்.