சக்கர நாற்காலி டாக்டர்

வேலூர் பெரிய ஆஸ்பத்திரி என்றால் கீழ்பென்னாத்தூரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உள்ளூரில் தீராத நோய் என்றால், வேலூருக்குக் கொண்டு போகும்படி பெரியவர்கள் சொல்வார்கள். திருவண்ணாமலை போய், அங்கிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் போவார்கள். 1989-ம் ஆண்டு வரை திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். வேலூர்தான் தலைநகரம்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். அவரால் எழுந்து நிற்க முடியாது. ஓர் அடி கூட எடுத்து வைக்க முடியாது. ஆனால், படுத்த படுக்கையாகக் கிடந்த பலரை அவர் எழுப்பி உட்கார வைத்தார். வேலைக்குப் போக வைத்தார்.

அவர் பெயர் மேரி வர்கீஸ்.

வெட்கம் கொன்ற மூன்று பேர்

மேரி வர்கீஸ் 1925-ம் ஆண்டு, கொச்சியை அடுத்த செராய் என்ற கடலோர ஊரில் பிறந்தார். பெரிய குடும்பம். படிப்பில் கெட்டிக்காரர். டாக்டர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. வேலூருக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்.

அந்தக் கல்லூரி பிறந்ததற்கு ஒரு கதை உண்டு. அமெரிக்கப் பெண்மணி ஐடா ஸ்கடர் இளம் வயதில் திண்டிவனத்தில் இருந்தார். ஒரே இரவில் மூன்று வீடுகளில் இருந்து ஆள் வந்தது. மூன்று வீட்டிலும் இளம் பெண்கள் பிரசவத்தில் துடித்தார்கள். ஐடாவின் தந்தை டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் பெண்ணைத் தொடக்கூடாது என்று வீட்டார் மறுத்துவிட்டார்கள். ஐடாவோ அப்போது மருத்துவம் படிக்காதவர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்து போனார்கள்.

ஐடா அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்தார். திரும்பி வந்து வேலூரில் ஆஸ்பத்திரி கட்டினார். 1918-ம் ஆண்டு பெண்களுக்கு என்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். அந்தப் பள்ளிதான் வளர்ந்து பெரிய கல்லூரி ஆயிற்று.

மேரி வர்கீஸ் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார். பெண்கள் நோய்ப் பிரிவில் பயிற்சி டாக்டர் ஆனார். பிரசவம் பார்ப்பதும், பெண்களின் நோய் தீர்ப்பதும்தான் தன் வாழ்க்கை என்று முடிவு செய்திருந்தார்.

ஆனால் நடந்தது வேறு.

கார் உருண்டது

1954-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி. மேரியும் உடன் வேலை செய்த டாக்டர்களும் ஒரு பெரிய காரில் வெளியே புறப்பட்டார்கள். எல்லோரும் இளம் வயதினர். ஒரே சிரிப்பும் கும்மாளமும்.

வழியில் கார் விபத்துக்கு உள்ளாகி உருண்டது.

மேரியின் முகத்தில் பெரிய காயம். அதைவிடப் பெரிய காயம் முதுகில். முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தண்டு சேதம் அடைந்துவிட்டது. இரண்டு கால்களும் செயல் இழந்தன. அப்போது அவருக்கு வயது 28.

முதுகெலும்பு முறிந்தவரின் துன்பம் கால்களோடு நிற்பதில்லை. சிறுநீர்ப் பைக்கும், மலக்குடலுக்கும் மூளையில் இருந்து போகும் கட்டளை அறுந்து விடுகிறது. சிறுநீர் எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் அடக்க முடியாது. சிலருக்கு வரவே வராது. உள்ளே தேங்கிக் கெட்டுப் போகும். ஒரே பக்கமாகப் படுத்தால் படுக்கைப் புண் வரும். இப்படிப்பட்டவர்கள் அந்தக் காலத்தில் சில ஆண்டுகளில் இறந்து போவது உலகம் எங்கும் வழக்கமாக இருந்தது. இங்கிலாந்தில் லுட்விக் குட்மான் என்ற டாக்டர் 1944-ம் ஆண்டு ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் இவர்களுக்கு என்று தனிப் பிரிவு தொடங்கினார். புண் வராமல் புரட்டிப் போடுவது, நேரம் தவறாமல் சிறுநீரை வெளியேற்றுவது, பயிற்சி கொடுப்பது ஆகிய மூன்றையும் சேர்த்துச் செய்தார். அதன் பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது.

நேற்று வரை நோயாளிகளின் கட்டிலைச் சுற்றி வந்த மேரி, இன்று கட்டிலில் கிடந்தார். தன் உடம்பைத் தானே தூக்க முடியவில்லை. மற்றவர்களுக்கு வைத்தியம் செய்யப் படித்தவர், எல்லாவற்றுக்கும் மற்றவர் கையை எதிர்பார்க்கும்படி ஆயிற்று. மனம் ஒடிந்து போனார்.

கை இருக்கிறதே!

வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் என்ற ஆங்கிலேயர் இருந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் மூலம் நிமிர்த்துவதில் பேர் பெற்றவர். அவர் மேரிக்கு ஒரு வழி காட்டினார். கால் போனாலும் கை நன்றாக இருக்கிறது. கை ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா?

மேரி துணிந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து தொழுநோயாளிகளின் கைகளில் ஆபரேஷன் செய்யக் கற்றுக் கொண்டார். ஊரால் ஒதுக்கப்பட்டவர்களுக்கு, நடக்க முடியாத டாக்டர் வைத்தியம் செய்தார்.

அங்கே அவர் தினமும் ஓர் அதிசயத்தைப் பார்த்தார். வேறு வேலை செய்து கொண்டிருந்த தசையின் நாணை எடுத்து, மடங்கிய விரலோடு இணைப்பார்கள். ஆனால் தையல் போட்டவுடன் விரல் வேலை செய்யாது. நோயாளி நாள் தவறாமல் பயிற்சி செய்ய வேண்டும். பழைய தசை புது வேலையைக் கற்றுக் கொள்ள வேண்டும். வாரக்கணக்கில் பழகிய பிறகு விரல் நீளும், மடங்கும். சோற்றை எடுத்து வாயில் வைக்கும்.

கத்தி பாதி வேலை செய்தது. பயிற்சி மீதி வேலை செய்தது.

கடல் கடந்த படிப்பு

பிறகு மேரி ஆஸ்திரேலியாவில் உள்ள பெர்த் நகருக்குப் போனார். முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே செய்து கொள்ள அங்கே பயிற்சி தந்தார்கள். அந்தப் பயிற்சியைப் பெற்றார்.

அதன் பின் அமெரிக்காவில் நியூயார்க் போனார். அங்கே டாக்டர் ஹோவர்டு ரஸ்க் என்பவர் புகழ் பெற்ற மறுவாழ்வு மருத்துவ நிலையம் நடத்தி வந்தார். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட விமானப் படையினரைத் தேற்றியவர் அவர். நோய் தீர்ந்தால் மட்டும் போதாது, நோயாளி மறுபடியும் வாழ வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மேரி அந்த மருத்துவத்தைக் கற்றார்.

1963-ம் ஆண்டு வேலூர் ஆஸ்பத்திரியில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவுக்குத் தலைவர் ஆனார். 1966-ம் ஆண்டு வேலூரை அடுத்த பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளிகள் அங்கேயே தங்கிப் பயிற்சி பெறலாம். இந்தியாவில் இந்த வகையில் அது முன்னோடி.

பனை மரத்தில் இருந்து விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள், லாரியில் அடிபட்டவர்கள் போன்றோருக்கு அப்படிப்பட்ட இடம்தான் கதி. கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறப் பழக வேண்டும். கையால் உருட்டப் பழக வேண்டும். சிறுநீரையும் மலத்தையும் வேளை வைத்து வெளியேற்றப் பழக வேண்டும். ஈரத் துணியோடு இருப்பவன் வெளியே போகக் கூசுகிறான். அந்தக் கூச்சம் போனால்தான் அவன் மறுபடியும் கடைத்தெருவுக்கு வருவான், வேலைக்குப் போவான்.

சக்கர நாற்காலியில் தங்கள் எதிரே வந்து நிற்கும் டாக்டரைப் பார்த்ததுமே நோயாளிகளுக்குப் பாதி தைரியம் வந்துவிடும். இவரால் முடிந்தது நம்மால் ஏன் முடியாது?

1972-ம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

உடம்புக்குள் ஒரு தூளி

இந்தக் கதை முதுகெலும்பு முறிந்தவர்களுக்கு மட்டும் அல்ல. நம் வீட்டுத் தாய்மாருக்கும் இதில் பாடம் இருக்கிறது.

இடுப்பு எலும்புக்குள் அடியில் ஒரு தசைப் பட்டை இருக்கிறது. குழந்தையைத் தூளி தாங்குவது போல அது சிறுநீர்ப் பையையும், கர்ப்பப்பையையும், மலக்குடலையும் தாங்குகிறது. முன் எலும்பில் இருந்து பின்னால் வால் எலும்பு வரை அது கட்டப்பட்டிருக்கிறது. பிரசவத்தில் இந்தத் தூளி இழுபடுகிறது. நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், அதிகப் பளு தூக்குதல், உடல் பருமன், வயது ஆகியவையும் அதைத் தளர்த்துகின்றன.

தூளி தளர்ந்தால் என்ன ஆகும்? இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசியும். சிலருக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கும். நெல் நடவுக்கும், வேர்க்கடலை பிடுங்கவும் நாள் முழுவதும் குனிந்து நிற்கும் பெண்கள் இதை யாரிடமும் சொல்வதில்லை. கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருந்து விடுவார்கள். பஸ்ஸில் ஏறப் பயப்படுவார்கள். பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று நினைத்து மறைப்பார்கள்.

அது விதி அல்ல. தளர்ந்த தசையைப் பயிற்சியால் பலப்படுத்தலாம். அமெரிக்காவில் ஆர்னால்டு கீகல் என்ற பெண்கள் நோய் டாக்டர் 1948-ம் ஆண்டு இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதி வெளியிட்டார். இன்றும் இருமும்போது சிறுநீர் கசியும் பெண்களுக்கு முதல் வைத்தியமாக டாக்டர்கள் சொல்வது இந்தப் பயிற்சியைத்தான்.

நரம்புத் தண்டு முழுவதும் அறுந்தவருக்கு இந்தப் பயிற்சி பலிக்காது. அவருக்கு வேறு முறைகள் உண்டு. ஆனால் நரம்பு நன்றாக இருந்து, தசை மட்டும் தளர்ந்தவருக்குப் பலன் கிடைக்கும்.

செய்வது எப்படி?

முதலில் சிறுநீர் கழித்து விட்டு, உட்கார்ந்து கொள்ளுங்கள் அல்லது படுத்துக் கொள்ளுங்கள். காற்றையும் சிறுநீரையும் அடக்குவது போல அடித்தசையை உள்ளே இழுத்து மேலே தூக்குங்கள். தொடை, வயிறு, பின்புறம் ஆகியவற்றை இறுக்க வேண்டாம். மூச்சைப் பிடிக்க வேண்டாம். முதலில் 3 அல்லது 5 எண்ணும் வரை பிடியுங்கள். பிறகு அதே அளவு நேரம் நன்றாகத் தளர விடுங்கள். நாள் ஆக ஆக 10 எண்ணும் வரை பிடிக்கப் பழகலாம். ஒரு வேளைக்கு 8 முதல் 10 தடவை. ஒரு நாளைக்கு 3 வேளை.

இருமும் முன்பும், குடம் தூக்கும் முன்பும் அந்தத் தசையை இறுக்கிக் கொள்ளுங்கள். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகக் கூடாது. அது கெடுதல்.

ஒரு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிட வேண்டாம். குறைந்தது 3 மாதம் விடாமல் செய்ய வேண்டும். பத்து நாளில் நெல் கதிர் விடுமா?

ஒரு எச்சரிக்கை. சிலருக்குத் தசை தளராமல், அளவுக்கு மேல் இறுகி இருக்கும். வலி இருக்கும். அவர்கள் இறுக்கும் பயிற்சி செய்தால் வலி கூடும். தளர்த்தும் பயிற்சிதான் வேண்டும். ஆகவே முதலில் டாக்டரிடமோ, பிசியோதெரபி நிபுணரிடமோ காட்டிச் சரியான தசையைத் தெரிந்து கொள்வது நல்லது. சிறுநீரில் ரத்தம், சிறுநீர் அடைப்பு, ஏதோ வெளியே வருவது போன்ற உணர்வு ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கர்ப்பப்பை கொஞ்சம் இறங்கி இருந்தால் பயிற்சி உதவும். அதிகம் இறங்கி இருந்தால் உள்ளே வைக்கும் வளையமோ, ஆபரேஷனோ தேவைப்படலாம்.

இதற்குத் தொலைதூரம் போக வேண்டும் என்பது இல்லை. திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. 2021-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் பிசியோதெரபி சேர்க்கப்பட்டது.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. மனைவி வெளியே வர மறுத்தால் கோபிக்காதீர்கள். காரணத்தை அன்பாகக் கேளுங்கள். பெரிய குடத்தை நீங்கள் தூக்குங்கள். அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

பெயர் நிலைத்தது

மேரி வர்கீஸ் 1986-ம் ஆண்டு காலமானார். அப்போது அவருக்கு வயது 61. விபத்துக்குப் பிறகு 32 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். நடக்கவே இல்லை, ஆனால் முடங்கியும் கிடக்கவில்லை.

பாகாயத்து மறுவாழ்வு நிலையம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

திண்டிவனத்தில் மூன்று பெண்களைக் கொன்றது நோய் மட்டும் அல்ல, வெட்கமும்தான். உடம்பில் உள்ள குறையைச் சொல்வது வெட்கம் அல்ல. வாய் திறந்து சொன்னால் வைத்தியம் உண்டு.