கடற்படை சேர்க்க மறுத்த பேராசிரியை

1941-ம் ஆண்டு டிசம்பர் மாதம். ஜப்பான் விமானங்கள் பேர்ல் துறைமுகத்தில் குண்டு போட்டன. அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது.

அப்போது வாசர் பெண்கள் கல்லூரியில் கணக்குப் பாடம் நடத்தி வந்தார், கிரேஸ் ஹாப்பர். நியூயார்க்கில் பிறந்தவர். வயது 35. யேல் பல்கலைக் கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அவருக்குக் கடற்படையில் சேர ஆசை. கொள்ளுத் தாத்தா கடற்படையில் ரியர் அட்மிரலாக இருந்தவர். ரத்தம் சும்மா இருக்குமா?

எடை போதாது

கடற்படை அவரைச் சேர்க்கவில்லை. வயது அதிகம் என்றார்கள். எடை சுமார் 7 கிலோ குறைவு என்றார்கள்.

கிரேஸ் விடவில்லை. 1943 டிசம்பரில் விசேஷ அனுமதி பெற்றுச் சேர்ந்தார். தம்மைவிட மிக இளைய பெண்களோடு பயிற்சி பெற்று, முதலாவதாகத் தேறினார்.

எதிரியின் ரகசியச் செய்திகளைக் கண்டுபிடிக்கும் பிரிவில் வேலை கிடைக்கும் என்று எண்ணியிருந்தார். அதற்கான படிப்பும் படித்திருந்தார். கடைசி நேரத்தில் உத்தரவு மாறியது. ஹார்வர்டு பல்கலைக் கழகத்துக்குப் போகச் சொன்னார்கள். கப்பலும் இல்லை, ரகசியச் செய்தியும் இல்லை. மறுபடியும் கல்லூரிக் கட்டிடம்!

ராட்சத எந்திரம்

1944 ஜூலையில் அங்கே போனார். 51 அடி நீளம், 8 அடி உயரத்தில் ஓர் எந்திரம் நின்றது. பெயர் 'மார்க்-1'. யுத்தத்துக்கு வேண்டிய கணக்குகளைப் போடும் கம்ப்யூட்டர். அப்படி ஒன்றை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

தலைவர் ஹோவர்டு எய்க்கன் கண்டிப்பானவர். ஏன் தாமதம் என்று முதலில் கடிந்து கொண்டார். பிறகு ஒரு கடினமான கணக்கைக் கொடுத்து, ஒரு வாரத்தில் முடிக்கச் சொன்னார். புள்ளிக்குப் பிறகு 23 இலக்கம் வரை விடை வேண்டுமாம்!

எந்திரத்துக்குத் தானாக எதுவும் தெரியாது. இந்த எண்ணை எடு, அதோடு கூட்டு, இங்கே வை என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். அதையும் காகித நாடாவில் துளை போட்டுச் சொல்ல வேண்டும். சமையல் தெரியாதவருக்குச் சாம்பார் வைக்கும் முறையை எழுதிக் கொடுப்பது போலத்தான். உப்பு போடு என்று எழுத மறந்தால், அவர் போடவே மாட்டார். இதுதான் புரோகிராம் எழுதுவது.

இரண்டு இளம் அதிகாரிகள் சொல்லிக் கொடுத்தார்கள். (வயதான ஆசிரியை வருகிறாராம், அவர் பக்கத்து மேஜை எனக்கு வேண்டாம் என்று முன்பு பயந்தவர்கள்!) கிரேசுக்கு அந்த வேலை மிகவும் பிடித்துவிட்டது. ஏழு வயதில், எப்படி ஓடுகிறது என்று பார்க்க, வீட்டில் இருந்த ஏழு அலாரம் கடிகாரங்களைக் கழற்றிப் போட்டவர் ஆயிற்றே! மார்க்-1 எந்திரத்தை இயக்கும் முறை பற்றி 500 பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகமும் எழுதினார்.

1945-ல் அவருடைய மணவாழ்க்கை முறிந்தது. அதே ஆண்டு யுத்தமும் முடிந்தது. கடற்படையில் நிரந்தர வேலை கேட்டார். வயது அதிகம் என்று மீண்டும் மறுத்துவிட்டார்கள். ரிசர்வ் பிரிவில் மட்டும் நீடித்தார். வாசர் கல்லூரி பெரிய பேராசிரியை பதவி தர முன்வந்தது. கிரேஸ் போகவில்லை. மூன்றே வருட வேலையை ஏற்று, எந்திரத்தின் பக்கத்திலேயே தங்கினார்.

1952-ல் ஒரு புதுமை செய்தார். புரோகிராமின் பகுதிகளை எந்திரமே எடுத்துக் கோக்கும்படி செய்தார். எந்திரம் கணக்குத்தான் போடும், இதையெல்லாம் செய்யாது என்று பலர் நம்ப மறுத்தார்கள். பிறகு, ஆங்கில வார்த்தைகளாலேயே கட்டளை எழுத வழி செய்தார். அதை ஒட்டி 1959-ல் 'கோபால்' என்ற கம்ப்யூட்டர் மொழி உருவானது. (நம் ஊர்ப் பெயர் அல்ல!) பாங்கிக் கணக்குகளில் அது இன்றும் வேலை செய்கிறது.

1966-ல் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. அடுத்த ஆண்டே, ஆறு மாதத்துக்கு மட்டும் என்று திரும்ப அழைத்தது. அந்த ஆறு மாதம் நீண்டுகொண்டே போயிற்று. 1986-ல் கடைசியாக ஓய்வு பெற்றபோது அவருக்கு வயது 79. கொள்ளுத் தாத்தாவைப் போல அவரும் ரியர் அட்மிரல்.

1992 ஜனவரி 1-ந் தேதி காலமானார். 1997-ல் பணியில் சேர்ந்த ஒரு போர்க்கப்பலுக்கு, அமெரிக்கக் கடற்படை 'ஹாப்பர்' என்று பெயர் வைத்தது.