டாக்டர் பஸாலியா

பாசிஸ்ட் ஆட்சியை எதிர்த்ததற்காக 1944-ல் சிறைப்பட்ட வெனிஸ் நகரத்து மாணவர் பிராங்கோ பஸாலியா, 1961-ல் இத்தாலியின் எல்லைப்புற நகரமாகிய கோரிட்ஸியாவில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியின் தலைமை வைத்தியரானார். உள்ளே நுழைந்ததும் சிறையில் அறிந்த அதே நாற்றத்தை அங்கும் உணர்ந்தார். முந்திய இரவு கட்டிப்போடப்பட்டவர்களின் ஜாபிதாவில் கையெழுத்திடும்படி அவரைக் கேட்டார்கள்; அவர் மறுத்துவிட்டார்.

மறுத்துவிடலாம், மறுத்தபின் ஆஸ்பத்திரியை நடத்தவேண்டுமே! கட்டுகள் நீங்கின, வார்டுக் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன, நோயாளிகளும் சிப்பந்திகளும் வைத்தியர்களும் ஒரே சபையில் கூடி ஆஸ்பத்திரிக் காரியங்களை விவாதித்தனர். 1968-ல் ஒருநாள் வீடு சென்றுவர அனுமதி பெற்ற நோயாளி ஒருவர் தம் மனைவியைக் கொன்றார். பஸாலியாமீது வழக்குத் தொடரப்பட்டது; முடிவில் அவர் விடுதலை பெற்றார். அக்கொலையை அற்பமென்று தள்ள நாம் துணியோம். ஆயினும், பூட்டிய கதவுக்குள் ஆயுள் முழுதும் வாடியோருக்காக எவர்மீது வழக்குத் தொடுப்பது?

1971-ல் ட்ரியெஸ்தே ஆஸ்பத்திரியின் பொறுப்பை ஏற்றார். அங்கே சுமார் 1,200 பேர் இருந்தனர். சிகிச்சையென்ற பெயரால் கூலியின்றி வாங்கப்பட்ட வேலைக்கு, நோயாளிகளின் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் கூலி கிடைத்தது. ஊருக்குள்ளேயே மனநோய்ச் சிகிச்சை நிலையங்கள் எழுந்தன.

1978 மே மாதத்தில் நிறைவேறிய 180-ஆம் எண் சட்டம், இத்தகைய ஆஸ்பத்திரிகளைப் புதிதாய்க் கட்டலாகாதென்றும், பழையவற்றைப் படிப்படியாய் மூடவேண்டுமென்றும் விதித்தது. மாற்று நிலையங்களோ எல்லாவிடத்தும் ஏற்படவில்லை. பல இடங்களில் பாரம் குடும்பங்களின் தலையில் விழுந்தது. இது சட்டத்தின் குற்றமன்று, அதை ஏட்டோடு விட்ட அதிகாரிகளின் குற்றம் என்பது நமது அபிப்பிராயம்.

பஸாலியா 1980 ஆகஸ்டில், 56 வயதில், மூளைக் கட்டியால் காலமானார். பழைய ஆஸ்பத்திரிகளை மூடி முடிக்க 1990-களின் இறுதிவரை சென்றது.